முகத்துவாரத்து அடி

அம்மாவின் பெரிய சில்வர் தட்டில் நான்கு ஓட்டை போட்டவன் நான்தான். தீபாவளிப் பலகாரம் வைத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பும் தட்டு அது. ட்ரில் மெஷின் சத்தம் கேட்டு அவர் குசினியிலிருந்து வந்தபோது மூன்று ஓட்டை முடிந்திருந்தது. "நாலாவதையும் போட்டுடு. மூணு ஓட்டையோட வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் பேச்சே இல்லை.

தட்டுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஊர்ப் பெயர்.

எங்கள் வீடு கொழும்பு 15 இல். தமிழில் முகத்துவாரம், சிங்களத்தில் மோதர. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: ஆறு கடலில் விழும் வாய். ஆங்கிலத்தில் முட்வால் என்பது, முகத்துவாரம் என்று சொல்ல வராத வெள்ளைக்காரன் நாக்கு செய்த வேலை என்பார்கள். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் பிறந்து 145 கிலோமீற்றர் ஓடிவரும் களனி கங்கை முடிகிற இடம் இது. பஸ் பலகையில் தினமும் இந்தப் பெயரைப் பார்க்கிறோம். அந்த வாய்க்குள் எவ்வளவு ஆழம் என்று யாரைக் கேட்டாலும் "நல்ல ஆழம்" என்பார்கள், இல்லாவிட்டால் "இப்ப மண் ஏறிட்டுது" என்பார்கள். இரண்டும் ஒரே ஆளிடமிருந்து ஒரே மூச்சில் வந்ததும் உண்டு.

நான் காணி அளக்கிறவன். தனியார் அலுவலகம் ஒன்றில் லெவல், டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை. தரையில் ஒரு புள்ளியின் உயரம் வேண்டுமென்றால் அங்கே ஆளை நிறுத்தலாம், கோலை ஊன்றலாம், கண்ணால் பார்க்கலாம். தண்ணீருக்கடியில் அது ஒன்றும் நடக்காது. களனித் தண்ணீர் பால் தேத்தண்ணி நிறம். ஓரடிக்குக் கீழே கை தெரியாது. தெளிந்த கடலில் செய்மதிப் படத்தை வைத்தே ஆழத்தைக் கணிக்கிறார்கள், விமானத்திலிருந்து பச்சை லேசர் அடித்தும் அளக்கிறார்கள். இந்தக் கலங்கலில் இரண்டுமே குருடு. ஒலி ஒன்றுதான் அடிவரை போய்த் திரும்பும்.

நீர்கொழும்பில் ஒருவர் பழைய ஃபிஷ் ஃபைண்டர் ஒன்றை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு வாங்கிவந்தேன். மீன் தேட விற்கிற சாமான்தான், ஆனாலும் உள்ளே இருப்பது எதிரொலிமானி. படகின் அடியில் பொருத்தும் கறுப்புக் கட்டி 'டிக்' என்று ஒரு ஒலியைக் கீழே அனுப்பும், அது தரையில் பட்டுத் திரும்பிவர எடுத்த நேரத்தை எண்ணும், ஒலி தண்ணீரில் செக்கனுக்கு 1500 மீற்றர் போகும் என்று வைத்துக்கொண்டு பாதியாக்கித் தூரத்தைச் சொல்லும். மூன்று மீற்றர் ஆழமென்றால் போய்வர ஒரு செக்கனில் ஆயிரத்தில் நான்கு பங்கு. டைட்டானிக் மூழ்கிய பிறகு பனிப்பாறையை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி தேடிய அலெக்ஸாண்டர் பேம் என்ற ஜெர்மன்காரர், பனிப்பாறையை விட்டுவிட்டு 1913 இல் கடலடிக்குக் காப்புரிமை வாங்கினார். தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று. எனக்கும் பிறகு அப்படித்தான் ஆனது.

படகு சம்மாட்டி மாமாவுடையது. சம்மாட்டி என்றால் படகு வைத்துத் தொழில் நடத்துகிறவர். ஒரு காலத்தில் மூன்று ஃபைபர் போட் வைத்திருந்தார், இப்போது மிச்சம் ஒன்று. சம்மாட்டி என்ற பட்டம் மட்டும் குறையவில்லை. அப்பாவின் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமை அவர் தொழிலுக்குப் போவதில்லை, படகு சும்மா கிடக்கும். அவர் வைத்த நிபந்தனை இரண்டு: பெற்றோல் என் செலவு, காலைப் பூசை முடிந்தபிறகுதான் புறப்பாடு.

முதல் நாள் கருவியைப் பொருத்தும்போது கேட்டார். "ஆழம் பாக்க இவ்வளவு வயரா? என்கிட்டக் கேட்டா நான் சொல்ல மாட்டனா?"

"சொல்லுங்க மாமா. இங்க எவ்வளவு?"

"எப்ப?"

அந்தக் கேள்வி அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஆற்றை அளக்கும் முறை கடினமில்லை. ஓட்டத்துக்குக் குறுக்கே, கரையிலிருந்து கரைக்கு, கோடு கோடாகப் போகவேண்டும். ஆழம் பெரிதாக மாறுவது குறுக்கேதான். நீளவாக்கில் போனால் ஒரே பள்ளத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்போம். எல்லாக் கோடும் முடிந்தபின் நீளவாக்கில் இரண்டு கோடு. அவை பழைய கோடுகளை வெட்டும் இடங்களில் இரண்டு அளவும் ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்கலாம். ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லும், கருவி ஆழத்தைச் சொல்லும், இரண்டும் ஒரு சின்ன அட்டையில் பதிவாகும். மூன்று ஞாயிறு ஓடினோம். மாமா கடைசி நாளில், "மகன், வயல் உழுறவன் கூட இப்பிடிப் போகமாட்டான்" என்றார்.

அன்றிரவு கணினியில் போட்டுப் பார்த்தேன். வெட்டும் இடங்களில் 40 சென்ரிமீற்றர் வித்தியாசம். ஒரே இடம், ஒரே ஆறு. ஒரு ஞாயிறு 3.1 என்கிறது, அடுத்த ஞாயிறு 3.5 என்கிறது. காணி அளவையில் இப்படி ஒரு பிழையோடு வந்து நின்றால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். உலக நாடுகளின் கடல் அளவைக்காரர்கள் சேர்ந்து 1921 இல் மொனாக்கோவில் தொடங்கிய அமைப்பு ஒன்று இருக்கிறது. கப்பலின் அடி உரசக்கூடிய முக்கியமான இடங்களில் ஆழக் கணக்கின் ஐயப்பாடு ஏறத்தாழ கால் மீற்றருக்குள் நிற்கவேண்டும் என்பது அவர்களுடைய விதி. நான் மொனாக்கோவுக்குப் பதில் சொல்லவேண்டியவன் இல்லைதான். இருந்தாலும் அந்த 40 என்னைக் கடித்துக்கொண்டே இருந்தது.

முதல் சந்தேகம் வற்றுப்பெருக்கின் மேல். கொழும்புக் கடல் இந்த விஷயத்தில் சோம்பேறி. அமாவாசை, பௌர்ணமியிலும் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடாது. குஜராத்தில் பாவ்நகர்ப் பக்கம் பத்து மீற்றர் ஏறி இறங்குகிறதாம், அங்கே பிறந்திருந்தால் இந்தத் தொழிலையே விட்டிருப்பேன். சோம்பேறியானாலும் அது அசையத்தான் செய்கிறது. அதனால் ஒரு பி.வி.சி. குழாயில் அளவு வரைந்து கரையோரம் ஊன்றி, பத்து நிமிடத்துக்கு ஒருதரம் நீர்மட்டத்தைப் பார்த்து எழுத அக்கா மகனை உட்காரவைத்திருந்தேன். கூலி ஒரு ரோல்ஸும் ஒரு நெக்டோவும். அந்தக் கொப்பியை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பத்துப் பத்து மணியிலிருந்து பதினொன்று நாற்பது வரை ஒரே எண். கடல் ஒன்றரை மணித்தியாலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது!

"தண்ணி அசையல மாமா" என்றான் என்னிடம்.

"பக்கத்துல யாரும் கிரிக்கெட் விளையாடினாங்களாடா?"

பதில் இல்லை. அவன் மேல் பிழையில்லை, பதின்மூன்று வயசுப் பையனைக் குழாயைப் பார்க்க உட்காரவைத்தவன் மேல்தான் பிழை. மேலும் ஆற்றுவாயில் நீர்மட்டத்தைக் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. மலையகத்தில் மழை பெய்தால் கொழும்பில் ஒரு சொட்டு விழாமலே இங்கே மட்டம் ஏறும். களனியின் மட்டம் பார்க்கும் நாகலகம் வீதி அளவுகோலில் இத்தனை அடி என்று வானொலியில் சொன்னாலே மட்டக்குளியிலும் கொலன்னாவையிலும் சாமானைத் தூக்கிக் கட்டில்மேல் வைக்கத் தொடங்கிவிடுவோம். அந்த அறிவிப்பைச் சின்ன வயசிலிருந்து கேட்டவன், அளக்கப் போனபோது அதை மறந்துவிட்டேன்.

மட்டத்தைத் திருத்தியதும் 40 என்பது 20 ஆனது. படகின் பாரத்தைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் கொஞ்சம் இறங்கியது. முதல் ஞாயிறு வேடிக்கை பார்க்க என் கூட்டாளிகள் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள், அவர்களோடு ஒரு ரெஜிபோம் பெட்டி நிறைய ஐஸும் சோடாவும். படகு தாழ்ந்தால் கருவியும் தாழும், தாழ்ந்தால் தரை கிட்ட வந்ததாகச் சொல்லும். எஞ்சினை முறுக்கினால் பின்பக்கம் குந்தும், அதற்கும் இரண்டு சென்ரிமீற்றர்.

மிச்சத்துக்குத்தான் தட்டு.

நான்கு ஓட்டையிலும் கயிறு கட்டி, நடுவில் பாரம் வைத்து, படகின் அடியில் கருவிக்கு நேர் கீழே இறக்கவேண்டும். கயிற்றில் இரண்டு, நான்கு, ஆறு மீற்றருக்கு அடையாளம். தட்டை இரண்டு மீற்றரில் தொங்கவிட்டால் கருவியும் இரண்டு என்று சொல்லவேண்டும். கேட்க இலேசு. ஓட்டம் கொஞ்சம் இருந்தாலும் தட்டு பட்டம் மாதிரி இழுத்துக்கொண்டு போய்விடும், கயிறு சாயும், அளவு பொய்யாகும். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் தண்ணீர் நிற்கிற அந்தப் பத்து இருபது நிமிடத்துக்காகக் காத்திருந்தோம். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டார்.

இரண்டு மீற்றரில் கருவி சரியாகச் சொன்னது. நான்கில் ஐந்து சென்ரிமீற்றர் குறைத்துச் சொன்னது. ஆறில் பத்து. கருவியே பிழையென்றால் மேலேயும் பிழைக்கவேண்டுமே? மேலே சரி, கீழே போகப்போகப் பொய். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டிருக்க, மாமா ஒரு வெறும் சோடாப் போத்தலை எடுத்தார், தக்கையை வாயில் இறுக்கினார், தக்கைக்கு ஒரு தங்கூசி (தூண்டில் நரம்பு), போத்தலுக்கு ஒரு கயிறும் கல்லும். அடிக்கு இறக்கித் தங்கூசியைச் சுண்டினார். மேலே வந்த தண்ணீரை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு."

மேல்தண்ணீரையும் தொட்டார். "இது ஆறு."

நான் செய்யவில்லை. களனித் தண்ணீரை நாக்கில் வைக்கிற தைரியம் அந்தத் தலைமுறையோடு சரி.

விஷயம் இதுதான். ஆற்று நீர் இலேசு, கடல்நீர் பாரம். வாயில் இரண்டும் சந்திக்கும்போது உடனே கலப்பதில்லை. ஆறு மேலால் கடலுக்குப் போகும், கடல் அடியால் ஆப்பு மாதிரி ஆற்றுக்குள் வரும். கரையில் நின்று பார்த்தால் எல்லாம் வெளியே போகிற மாதிரித்தான் தெரியும். ஒலி, நம்முடைய சூட்டில், நல்ல தண்ணீரில் செக்கனுக்கு ஏறக்குறைய 1505 மீற்றர் போகும், கடல்நீரில் 1540 வரை போகும். என் கருவி எல்லா இடத்திலும் 1500 என்றே நம்பிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீருக்குள் ஒலி சீக்கிரம் போய்வந்ததால் தரை கிட்ட இருப்பதாக நினைத்துவிட்டது. பெருக்கு நேரத்தில் அளந்த கோட்டிலும் வற்று நேரத்தில் அளந்த கோட்டிலும் இந்த உப்பு ஆப்பின் தடிப்பு வேறு வேறு. கடைசி ஏழெட்டு சென்ரிமீற்றர் அங்கேதான் ஒளிந்திருந்தது.

இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "தட்டைக் கழுவினியா?" என்றார்.

அந்த உப்பு ஆப்பு என்னைப் பிறகும் விடவில்லை, ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் குழாயோடு சம்பந்தப்பட்டது. கொழும்பு குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கு களனியிலிருந்து வருகிறது. ஆற்றின் மேலே அம்பத்தலையில் அதை இறைத்துச் சுத்தம் செய்கிறார்கள். பல வருடமாகக் கட்டட வேலைக்கு இந்த ஆற்றில் மணல் அள்ளினார்கள். அள்ள அள்ள அடி இறங்கியது. இன்று கீழ்க் களனியின் தரை, வாயிலிருந்து வெகுதூரம் உள்ளே வரைக்கும், கடல்மட்டத்தைவிடத் தாழ்ந்து கிடக்கிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்த வறட்சி மாதங்களில் கடல் அந்தப் பள்ளத்தோடு அம்பத்தலைப் பக்கம் வரைக்கும் ஊர்ந்துவிடுகிறது. உப்பு இறைக்கிற வாயிலுக்குள் போகாமலிருக்க ஆற்றுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கி மறித்த காலங்களும் உண்டு. மேலே பார்த்தால் ஆறு அதே அகலம், அதே நிறம். மாறியது அடி மட்டும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எழும்பி நிற்கும் மாடி வீடுகளின் தூண்களுக்குள் எங்கள் ஆற்றின் அடி நிற்கிறது. நான் அளந்துகொண்டிருந்தது அது எழும்பிப்போன இடத்தை.

கடலுக்குப் போகாத மணலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. தென்மேல் பருவத்து அலை இந்தக் கரையின் மணலை வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். ஆறு புது மணல் கொண்டுவந்து கொட்டினால் கரை நிற்கும். கொட்டாவிட்டால் கடல் உஸ்வெட்டகெய்யாவ, நீர்கொழும்புப் பக்கத்துக் கரையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அங்கே பாறாங்கல் போட்டு மறித்திருப்பதைப் பார்க்கலாம். ஆனால் இது பெரிய கதை, இன்னொரு நாள்.

மாமாவின் முறையையும் பதிவு செய்யவேண்டுமென்று ஒரு ஞாயிறு அவருடைய ஈயக்குண்டைக் கொண்டுவரச் சொன்னேன். முழ நீளக் குண்டு, அடியில் ஒரு குழி, அந்தக் குழிக்குள் சலவைச் சவர்க்காரம் அப்பியிருந்தது. தரையில் படும்போது சவர்க்காரத்தில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து அடி மணலா, சிப்பியா, சுரியா (சேறா) என்று சொல்லிவிடலாம். பழைய பாய்க்கப்பல்காரர்கள் இதே குழியில் மாட்டுக் கொழுப்பு வைத்தார்கள். எங்கள் ஆட்களுக்குச் சவர்க்காரம் மலிவு.

"ரெண்டேகால் பாகம். மேல சுரி, கீழ மணல்" என்றார்.

கருவி 3.9 மீற்றர் என்றது. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம், ஆறடி, 1.83 மீற்றர். இரண்டேகால் பாகம் 4.1 ஆகவேண்டும். ஆகா, மாமா பிழை என்று உள்ளுக்குள் ஒரு சின்ன மகிழ்ச்சி. வீட்டில் அந்தக் கயிற்றின் முடிச்சுகளை டேப் வைத்து அளந்தேன். ஒரு பாகம் 1.74 மீற்றர்தான். கயிறு உக்கும்போதெல்லாம் பழைய முடிச்சைப் பார்த்துப் புதிதில் போட்டு வந்திருக்கிறார். முதல் கயிற்றை அளந்தது அவருடைய அப்பாவின் கை. அந்தக் கையால் பெருக்கினால் 3.9. மாமா உயரமான ஆள், அவருடைய அப்பா கட்டை.

ஆக அளவுகோல் எதுவென்றும் சொல்லியாகவேண்டும், எங்கிருந்து அளக்கிறோம் என்றும் சொல்லியாகவேண்டும். என் தொழிலில் பூச்சியம் என்பது சராசரிக் கடல்மட்டம். கப்பல்காரர்களின் கடல்வரைபடத்தில் பூச்சியம் ஏறக்குறைய கடல் ஆகக் கீழே வற்றும் மட்டம், ஏனென்றால் 'இதைவிடக் குறையாது' என்ற உத்தரவாதம்தான் அவர்களுக்கு வேண்டும். கொழும்பில் இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை, ஆனால் மணல்திட்டைத் தாண்டி வீட்டுக்கு வருகிற படகுக்கு எஞ்சின் விசிறி தப்புவதும் உடைவதும் அந்தத் தூரத்தில்தான். நான் முதலில் பூச்சியத்தைக் குறிக்காமலே படம் போட்டுவிட்டேன். இலவச மென்பொருளில் நீலத்தில் பத்து வகை, பார்க்க அழகு, ஒன்றுக்கும் உதவாது.

தெற்கே கொஞ்சத் தூரத்தில் துறைமுகம். 1875 இல் முதல் கல் வைத்து 1885 இல் அலைதடுப்பு முடியும்வரை கொழும்பு திறந்த கடல்தான். தென்மேல் பருவத்தில் கப்பல் நிற்க முடியாது, காலிக்குப் போகும். இன்று தெற்குத் துறைமுகத்தில் 18 மீற்றர் ஆழத்தில் உலகத்தின் ஆகப்பெரிய கொள்கலன் கப்பல்கள் கட்டிக்கிடக்கின்றன. அதன் ஒவ்வோர் அடியும் அளந்து, தோண்டி, திரும்ப அளந்து வைத்தது. வடக்கே எங்கள் வாயில் ஃபைபர் போட் அடி தட்டுகிறது. இந்த நாட்டின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவும் மட்டக்குளி காக்கைதீவில்தான் இருக்கிறது. மழைநாளில் அதன் மதிலைத் தாண்டித்தான் நான் பெற்றரி சார்ஜ் செய்ய ஓடுவேன்.

ஒரு ஞாயிறு சீருடையில் இரண்டு பேர் கரையிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டார்கள். என்ன வயர், என்ன எழுதுகிறீர்கள். சிங்களத்தில் விளங்கப்படுத்தினேன், அடையாள அட்டையைக் காட்டினேன், திரையைக் காட்டினேன். இளைய ஆள் திரையில் மீன் தெரியுமா என்று கேட்டார். தெரிந்தது, ஒரு கூட்டம். இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், போகச் சொன்னார்கள். அவ்வளவுதான். திரும்பும் வழியில் மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "2009க்கு முந்தி, துறைமுகத்துக்கு இவ்வளவு கிட்ட, ஆழம் எழுதின தாளோட, தமிழ்ப் பொடியன்" என்றார். வாக்கியத்தை முடிக்கவில்லை. எஞ்சினை ஏற்றினார்.

எல்லாம் திருத்தி, பூச்சியத்தையும் திகதியையும் எழுதி, புதுப் படத்தை அச்சடித்து அவர் வீட்டு மேசையில் விரித்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். வடகரையை அடையாளம் கண்டார், மணல்திட்டைக் கண்டார், "இந்த வாய்க்கால் சரி" என்றார். பிறகு ஒரு இடத்தில் விரல் நின்றது.

"கல்லு எங்க?"

"என்ன கல்லு?"

"இங்க ஒரு கல்லு இருக்குது மகன். எங்க அப்பாட வலை அதுல கிழிஞ்சிருக்கு, என்ட வலையும் கிழிஞ்சிருக்கு."

கல்லா, மூழ்கிப்போன பழைய வள்ளத்து இரும்பா, யாருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அது கல்லு. என் படத்தில் அந்த இடம் வழுவழுவென்று ஒரே நீலம். அது நான் அளந்த இடமும் அல்ல. இரண்டு கோட்டுக்கு நடுவில் விழுகிறது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில் இருப்பதை மென்பொருள் தானாக இட்டு நிரப்பும், கூச்சமே இல்லாமல், அளந்த இடத்துக்குப் பூசிய அதே நிறத்தில். படத்தைப் பார்க்கிறவனுக்கு எது அளவு, எது கற்பனை என்று தெரியாது. வரைந்த எனக்கே மறந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அந்த இடத்தை மட்டும் இரண்டு மணித்தியாலம் சல்லடை போட்டோம். மீற்றருக்கு மீற்றர் கோடு. கல் இல்லை. மாமாவின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஜி.பி.எஸ். இல்லாத காலத்தில் கோயில் கோபுரத்தையும் தென்னையையும் நேர்பிடித்து வைத்த அடையாளம், அந்தத் தென்னைகள் இப்போது இருக்கின்றனவோ என்னவோ என்று சமாதானமாக ஏதோ சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் மரக்கோலை எடுத்துக் குத்தினார். கருவி அடி என்று சொன்ன இடத்தில் கோல் நிற்கவில்லை. தயிருக்குள் கரண்டி மாதிரி இறங்கியது. முழங்கை நீளம் இறங்கியபின் 'டொக்'.

அப்போதுதான் கருவியில் நான் தொடாத ஒரு பொத்தான் ஞாபகம் வந்தது. அது இரண்டு சுருதியில் பேசும். நான் எப்போதும் 200 கிலோஹேர்ட்ஸில் வைத்திருந்தேன், கீச்சென்ற சுருதி. மெல்லிய சேற்றின் மேல்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். 50க்கு மாற்றினேன். கட்டைக்குரல் சேற்றுக்குள் நுழையும். திரையில் ஒரு தரைக்குக் கீழே இன்னொரு தரை தெரிந்தது, அதிலிருந்து ஒரு புடைப்பு. மேலே சுரி, அதற்குள் கல்.

இதில் எது அடி? கரண்டியால் அள்ளினால் ஓடிவிடுகிற கூழைத் தரை என்பதா? ரொட்டர்டாம் துறைமுகத்தில் இதற்கு ஒரு தீர்ப்பு வைத்திருக்கிறார்கள்: சேறு தண்ணீரைவிட 1.2 மடங்கு அடர்த்தி ஆகும் மட்டம்தான் கப்பலுக்குத் தரை, அதற்கு மேலே உள்ளது தண்ணீர்க் கணக்கு. கப்பல் அந்தக் கூழைக் கிழித்துக்கொண்டு போகலாம். மாமாவின் வலைக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது. வலைக்குக் கல்தான் அடி. அலையில் புரள்கிற மீன்குஞ்சுக்குச் சுரியின் மேல்தோல்தான் அடி. அம்பத்தலை இறைப்புக்காரருக்கு உப்பு ஊர்ந்து வருகிற பள்ளம் அடி.

படத்தில் கல்லைக் குறிக்கவா என்று கேட்டேன். "இப்பத் தெரியாதே, எப்பிடிக் குறிப்ப?" என்றார். எண்களுக்குப் பக்கத்தில் 'மேற்பரப்புச் சேறு' என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

வைகாசியில் கச்சான், தென்மேல் காற்று, தொடங்கியது. மலையில் மூன்று நாள் விடாமல் மழை. ஆறு காவி நிறத்தில் மரம், வாழைக்குற்றி, பிளாஸ்டிக் போத்தல், ஒரு கதிரை, எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. மணல்திட்டு உடைந்து வாய் வேறு பக்கம் திறந்தது. தொழிலுக்கு யாரும் போகவில்லை. என் நீலப் படம் மாமா வீட்டுச் சுவரில் செல்லோடேப்பில் தொங்கிக்கொண்டிருந்தது, ஈரத்தில் ஒரு மூலை சுருண்டிருந்தது.

வெள்ளம் இறங்கி ஒரு வாரத்தில், விடிகாலை ஐந்தரைக்குப் போன் அடித்தது. பின்னால் எஞ்சின் சத்தம், காற்று.

"மகன், வலை கிழிஞ்சிட்டுது."

"எங்க மாமா?"

"வேற எங்க? அதே இடந்தான். சுரி எல்லாம் அடிச்சிட்டுப் போயிட்டுது." கோபமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியாத குரல். "ஞாயிற்றுக்கிழமை வா. தட்டையும் கொண்டு வா."

தட்டு குசினி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அம்மா அதில் வெங்காயம் காயவைத்திருக்கிறார். நான்கு ஓட்டை இருப்பதால் தண்ணீர் நிற்பதில்லையாம். கேட்டுப் பார்க்கவேண்டும்.